எஸ்.வி. ரங்காராவ்: கூத்துக்களத்து அரக்கனைத் திரைக்குக் கொண்டுவந்த நடிகர்

எஸ்.வி. ரங்காராவ் (சாமர்ல வெங்கட ரங்காராவ், ஜூலை 3, 1918 - ஜூலை 18, 1974) தெலுங்கு, தமிழ்த் திரைப்பட நடிகர், இயக்குநர். மந்திரவாதி, அரக்கன், அசுர வேந்தன் ஆகிய வேடங்களுக்குத் தென்னிந்தியத் திரையில் நிலையான ஒரு வடிவத்தை அளித்தவர். 'பாதாள பைரவி' படத்தின் நேபாள மந்திரவாதி, 'மாயா பஜார்' படத்தின் கடோத்கஜன், 'நர்த்தனசாலா' படத்தின் கீசகன், 'பக்த பிரகலாதா' படத்தின் இரணியன் ஆகியவை அவரது புகழ்பெற்ற வேடங்கள். குடும்பப் படங்களில் தந்தை, ஜமீன்தார், வீட்டுப் பெரியவர் வேடங்களிலும் தமிழ் ரசிகர்களின் மனத்தில் இடம்பெற்றார்.

உலகத் திரைப்பட வரலாற்றில் அச்சமூட்டும் உருவங்களை ஏற்று நடித்தவர்கள் தனி வரிசையாக நினைவுகூரப்படுகிறார்கள். ஹாலிவுட்டில் போரிஸ் கார்லாஃப், பேலா லுகோசி ஆகியோருக்கு இருக்கும் இடத்துடன் ஒப்பிடத்தக்க இடம் தென்னிந்தியத் திரையில் ரங்காராவுக்கு உண்டு. ஆனால் அவர் ஏற்ற அரக்கர்கள் ஆய்வகத்திலோ கல்லறையிலோ பிறந்தவர்கள் அல்லர். கூத்துக்களத்திலும் கோயில் திருவிழாவிலும் பல தலைமுறைகளாக மக்கள் பார்த்துப் பழகிய இதிகாச மாந்தர்கள். ஆரணி, செய்யாறு, செஞ்சி வட்டாரங்களின் தெருக்கூத்து மரபோடு சேர்த்துப் பார்க்கும்போது ரங்காராவின் நடிப்பு இன்னும் தெளிவாக விளங்கும்.

பிறப்பு, இளமை

ரங்காராவ் அன்றைய சென்னை மாகாணத்தின் கிருஷ்ணா மாவட்டத்தில் உள்ள நூஜிவீடு என்னும் ஊரில் ஜூலை 3, 1918 அன்று பிறந்தார். பள்ளிப் பருவத்தில் சென்னையில் பாட்டியின் வீட்டில் தங்கி இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்றார். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட அவருக்கு இளமையிலேயே தமிழ் பழகியது இதனால்தான். பின்னாளில் தமிழ்ப் படங்களில் தன் சொந்தக் குரலிலேயே பேசி நடிக்க இது உதவியது.

கல்லூரிப் படிப்புக் காலத்தில் நாடக ஆர்வம் முதிர்ந்தது. காக்கிநாடாவில் இயங்கிய 'யங் மென்ஸ் ஹாப்பி கிளப்' என்னும் நாடகக் குழுவில் ரங்காராவ் நடித்தார். பின்னாளில் திரையில் புகழ்பெற்ற நடிகை அஞ்சலிதேவியும் இசையமைப்பாளர் ஆதிநாராயண ராவும் அதே குழுவில் இருந்தவர்கள். படிப்பை முடித்தபின் ரங்காராவ் தீயணைப்புத் துறையில் அதிகாரியாகப் பணியாற்றினார். நாடகத்தின் மீதிருந்த ஈடுபாடு அவரை அந்தப் பணியில் நீடிக்கவிடவில்லை.

திரை நுழைவு

1946-47ஆம் ஆண்டுகளில் உருவான 'வரூதினி' என்னும் தெலுங்குப் படத்தில் ரங்காராவ் நாயகனாக அறிமுகமானார். அவரது உறவினரான பி.வி. ராமானந்தம் அதை இயக்கினார். படம் தோல்வியடைந்தது. வேறு வாய்ப்புகள் வராததால் ரங்காராவ் ஜாம்ஷெட்பூர் சென்று டாடா நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1947ஆம் ஆண்டின் இறுதியில் அவருக்குத் திருமணம் நடந்தது.

சில ஆண்டுகளில் மீண்டும் சென்னைக்கு வந்து எதிர்மறை வேடங்களிலும் சிறு வேடங்களிலும் நடிக்கத் தொடங்கினார். எல்.வி. பிரசாத் இயக்கிய 'மன தேசம்' (1949), பி.ஏ. சுப்பாராவ் இயக்கிய 'பல்லெடூரி பில்லா' (1950) ஆகியவை அக்காலப் படங்கள். விஜயா நிறுவனத்தின் முதல் படமான 'சாவுகாரு' (1950) அவருக்கு ஒரு முரட்டு ரவுடியின் வேடத்தை அளித்தது. நாயகனாக நடித்தபோது கிடைக்காத கவனம் இந்த வேடத்தில் கிடைத்தது. நாகிரெட்டி, சக்கரபாணி இருவரும் நடத்திய விஜயா நிறுவனத்தின் படங்களில் தொடர்ந்து இடம்பெற்றார்.

நேபாள மந்திரவாதி

கே.வி. ரெட்டி இயக்கத்தில் விஜயா நிறுவனம் 1951ஆம் ஆண்டு தெலுங்கிலும் தமிழிலும் தயாரித்த படம் 'பாதாள பைரவி'. தோட்டக்காரனின் மகன் ஒருவன் இளவரசியை விரும்புகிறான். அவளை மணப்பதற்குச் செல்வம் தேடிப் புறப்படுகிறான். நேபாள மந்திரவாதி ஒருவன் அவனைப் பாதாளத்தில் உள்ள பைரவிக்குப் பலியிட்டு, வேண்டியதையெல்லாம் தரும் பதுமையைப் பெற நினைக்கிறான். அலாவுதீன் கதையை நினைவூட்டும் இக்கதையில் நாயகனாக என்.டி. ராமராவும் மந்திரவாதியாக ரங்காராவும் நடித்தனர்.

அதுவரை மந்திரவாதி என்றால் மேடையில் உரக்கக் கத்துவதும் கண்களை உருட்டுவதுமே வழக்கம். ரங்காராவின் மந்திரவாதி நிதானமானவன். நாயகனை ஏமாற்றும்போது குருவைப் போலப் பரிவுடன் பேசுகிறான். தாடியும் சடையும் கையில் கோலுமாக நிற்கும் உருவம் அச்சத்தைத் தருகிறது; இனிமையான பேச்சு அந்த அச்சத்தைக் கூட்டுகிறது. தெலுங்கிலும் தமிழிலும் படம் பெருவெற்றி பெற்றது. 1952ஆம் ஆண்டு நடைபெற்ற இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. ஜெமினி நிறுவனம் இதை இந்தியிலும் வெளியிட்டது. மந்திர தந்திரக் கதைகள் தென்னிந்தியத் திரையில் பெருகுவதற்கு இப்படத்தின் வெற்றி முக்கியக் காரணம்.

இந்தப் புகழுக்குப் பின் ரங்காராவ் ஒரே வகை வேடத்தில் முடங்கிவிடவில்லை. அடுத்த ஆண்டே 'கல்யாணம் பண்ணிப்பார்' (1952), பின்னர் 'மிஸ்ஸியம்மா' (1955) ஆகிய நகைச்சுவைப் படங்களில் சமூக வேடங்களை ஏற்றார். 'மிஸ்ஸியம்மா'வில் பள்ளி நடத்தும் வெள்ளை மனம் கொண்ட ஜமீன்தாராக அவர் தோன்றியபோது, நேபாள மந்திரவாதியின் சாயல் சிறிதும் இல்லை.

கூத்துக்களத்து அரக்கர்கள்

ரங்காராவின் அரக்க வேடங்களைத் தமிழ்ப் பார்வையாளர்கள் எப்படி ஏற்றுக்கொண்டார்கள் என்பதை அறிய, அவர்கள் அதற்கு முன் பார்த்த அரக்கர்களை அறிய வேண்டும்.

இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாக நதிக் கரையில் அமைந்த ஊர் ஆரணி. பட்டுப் புடவை நெசவுக்கும் அரிசிக்கும் பெயர்பெற்றது. 1950களில் வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்த இவ்வூரும் சுற்றுப்புறக் கிராமங்களும் தெருக்கூத்தின் விளைநிலங்கள். செய்யாற்றை அடுத்த புரிசை, கண்ணப்பத் தம்பிரானின் குடும்பத்தால் தெருக்கூத்துக்குப் பெயர்பெற்ற ஊர். இப்பகுதியின் திரௌபதி அம்மன் கோயில்களில் கோடையில் பாரதத் திருவிழா நடைபெறும். பகலில் பாரதக் கதை சொல்லப்படும். இரவில் விடிய விடியக் கூத்து நடக்கும். இறுதி நாளில் மண்ணால் செய்த மிகப் பெரிய துரியோதனன் உருவத்தைப் படுக்கவைத்துப் படுகளம் நிகழ்த்துவார்கள். தீமிதியும் உண்டு.

கூத்தில் அரசர், வீரர், அரக்கர் வேடங்களுக்கு எடை குறைந்த கல்யாண முருங்கை மரத்தால் செய்த கிரீடமும் புஜகட்டைகளும் மார்ப்பதக்கமும் பயன்படுகின்றன. வண்ணத்தாளும் கண்ணாடித் துண்டுகளும் ஒட்டிய இந்த அணிகள் விளக்கொளியில் மின்னும். முகத்தில் அடர்ந்த அரிதாரம், அகன்று விரியும் பாவாடை, காலில் சலங்கை ஆகியவற்றுடன் மனித உருவம் இருமடங்காகத் தெரியும். அரக்கன் திடீரென்று களத்தில் தோன்றுவதில்லை. இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் நின்று பாடுவான், சலங்கை ஒலிக்கும், கிரீடத்தின் நுனி மட்டும் தெரியும், நெடுநேரம் கழித்தே முகம் வெளிப்படும். பார்வையாளர்களின் எதிர்பார்ப்பை வளர்த்து அச்சத்தை உண்டாக்கும் உத்தி இது.

கூத்து அரக்கர்களை வெறும் கொடியவர்களாக மட்டும் காட்டுவதில்லை. இரணியன் தவத்தால் வரம் பெற்றவன். மகனை நேசிக்கும் தந்தை. பகாசூரன் வதம் நடக்கும் நாளில் சோற்று வண்டியில் வீமன் ஊரைச் சுற்றி வருவது குழந்தைகளுக்கு விழாவாகிறது. கட்டியங்காரன் அரக்கனிடமே கேலி பேசுவான். அச்சமும் சிரிப்பும் ஒரே களத்தில் அடுத்தடுத்து நிகழும். இந்தக் கலவையைத் திரையில் முழுமையாகக் கொண்டுவந்தவர் ரங்காராவ்.

நாடக மேடையின் முன்னோடிகள்

கூத்துக்கும் திரைக்கும் இடையே நாடக மேடை இருந்தது. தமிழ் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) தொடக்கத்தில் நடிகராக இருந்தவர். இரணியன், இராவணன், எமன், சனீஸ்வரன் ஆகிய வேடங்களில் பெயர் பெற்றார். சனீஸ்வரன் வேடத்தைக் கலைப்பதற்காக விடியற்காலையில் அவர் நீர்நிலைக்குச் சென்றபோது கருவுற்ற பெண் ஒருத்தி அவரைக் கண்டு அஞ்சினாள் என்றும், அதனால் நேர்ந்த துயரத்திற்குப் பின் அவர் வேடம் போடுவதையே கைவிட்டார் என்றும் நாடக உலகில் ஒரு செய்தி வழங்குகிறது. அச்சமூட்டும் வேடத்துக்கு இருந்த ஆற்றலை அக்கால மக்கள் எப்படி எண்ணினார்கள் என்பதை இச்செய்தி காட்டுகிறது.

1930களில் அரக்கர் என்ற சொல்லே தமிழகத்தில் அரசியல் பொருள் பெற்றது. புராணங்களின் அரக்கர்கள் திராவிடர்களே என்ற கருத்தைச் சுயமரியாதை இயக்கத்தினர் முன்வைத்தனர். பாரதிதாசன் 1934ஆம் ஆண்டு எழுதிய 'இரணியன் அல்லது இணையற்ற வீரன்' நாடகம் இரணியனைத் தன்மானமுள்ள வீரனாகக் காட்டியது. 1950களில் ஆர்.எஸ். மனோகர் தன் 'இலங்கேஸ்வரன்' நாடகத்தில் இராவணனைக் கதைநாயகனாக்கினார். அரக்கன் யார், அவன் தோற்பதைக் கண்டு மகிழ வேண்டுமா என்ற கேள்விகள் மேடைகளில் விவாதிக்கப்பட்ட காலத்தில்தான் 'மாயா பஜார்' வெளியாயிற்று.

கடோத்கஜன்

'மாயா பஜார்' விஜயா நிறுவனம் 1957ஆம் ஆண்டு கே.வி. ரெட்டி இயக்கத்தில் தெலுங்கிலும் தமிழிலும் தயாரித்த படம். தெலுங்குப் படம் மார்ச் 27 அன்றும் தமிழ்ப் படம் ஏப்ரல் 12 அன்றும் வெளியாயின. தமிழில் அபிமன்யுவாக ஜெமினி கணேசன், வத்சலாவாக சாவித்திரி, கிருஷ்ணனாக என்.டி. ராமராவ், சகுனியாக எம்.என். நம்பியார், இலக்குவண குமாரனாக கே.ஏ. தங்கவேலு ஆகியோர் நடித்தனர். இரு மொழிகளிலும் கடோத்கஜனாக நடித்தவர் ரங்காராவ்.

வியாசர் எழுதிய பாரதத்தில் இந்தக் கதை இல்லை. பலராமனின் மகளை அபிமன்யு மணப்பதாகக் கூறும் இது மக்களிடையே வளர்ந்த கதை. தமிழில் 'அபிமன்னன் சுந்தரி மாலை' என்னும் கதைப்பாடலும் அபிமன்யுவின் திருமணத்தையும் அதற்குக் கடோத்கஜன் செய்த உதவியையும் பேசுகிறது. ஆகவே கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்குப் படத்தின் கதை புதியதல்ல.

சூதில் நாட்டை இழந்த பாண்டவர்களின் பிள்ளைக்குப் பெண் கொடுக்க பலராமனின் குடும்பம் தயங்குகிறது. துரியோதனனின் மகனுக்கு வத்சலாவை நிச்சயிக்கிறது. காட்டுக்கு வரும் சுபத்திரையும் அபிமன்யுவும் கடோத்கஜனைச் சந்திக்கிறார்கள். தன் தம்பி முறையான அபிமன்யுவுக்காகக் கடோத்கஜன் துவாரகைக்குச் சென்று, உறங்கும் வத்சலாவைக் கட்டிலோடு தூக்கி வருகிறான். அவள் உருவத்தை எடுத்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டாரை அலைக்கழிக்கிறான். மாயையால் ஒரு நகரத்தையே உருவாக்குகிறான். செல்வம் போனதும் சொந்தம் போகலாமா என்பதுதான் கதையின் மையக் கேள்வி. அரண்மனைவாசிகள் கொடுத்த வாக்கை மறக்கிறார்கள். காட்டில் வாழும் அரக்கன் உறவை நினைவில் வைத்துக் காப்பாற்றுகிறான்.

ரங்காராவின் கடோத்கஜன் கூத்து அரக்கனைப் போலவே பெரிய கிரீடமும் கதாயுதமும் கொண்டவன். நெஞ்சை நிமிர்த்தி, தோளை அசைத்து, ஒவ்வொரு அடியையும் எடைபோட்டு வைத்து நடக்கிறான். ஆனால் கூத்தின் உரத்த குரல் இங்கே இல்லை. கேமரா அருகில் இருப்பதை உணர்ந்து புருவத்தாலும் இதழோரச் சிரிப்பாலும் நடித்திருக்கிறார். தாயின் முன் பணிவு, சித்தியிடம் பாசம், எதிரிகளிடம் சினம், மாயம் பலித்தபோது சிறு குழந்தையின் குதூகலம் என வேடம் பல நிறங்களைக் கொள்கிறது.

மாப்பிள்ளை வீட்டாருக்குச் சமைத்த விருந்தைக் கடோத்கஜன் தனியே உண்டு தீர்க்கும் காட்சி தமிழ்த் திரையின் மிகப் புகழ்பெற்ற காட்சிகளில் ஒன்று. அக்காட்சியின் 'கல்யாண சமையல் சாதம்' பாடலைத் தஞ்சை ராமையாதாஸ் எழுத, திருச்சி லோகநாதன் பாடினார். படத்தின் இசை கண்டசாலா. ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லி இயற்றிய தந்திரக் காட்சியில் உருவம் வளர்வதும், பலகாரங்கள் தாமே வாய்க்குள் செல்வதும் அக்காலத் தொழில்நுட்பத்தில் வியப்பூட்டுபவை. எனினும் காட்சி நிலைபெற்றதற்குக் காரணம் தந்திரம் மட்டுமல்ல. பசித்தவன் நல்ல சாப்பாட்டைக் கண்டு அடையும் மகிழ்ச்சியை ரங்காராவ் தயக்கமின்றி வெளிப்படுத்தியதே காரணம். பகாசூரனின் பசி ஊரை அச்சுறுத்தியது. கடோத்கஜனின் பசி ஊரைச் சிரிக்க வைத்தது. தமிழ்நாட்டுத் திருமணங்களில் இப்பாடல் இன்றும் ஒலிக்கிறது. முகூர்த்தப் பட்டு நெய்யும் ஆரணி போன்ற ஊர்களில், திருமணத்தோடு சேர்ந்து நினைவுக்கு வரும் ஒரே அரக்கன் கடோத்கஜன்தான்.

படத்தின் மற்றொரு சிறப்பு, ரங்காராவின் நடிப்பைச் சாவித்திரி தன் உடலில் ஏற்றுக்கொண்டது. வத்சலாவின் உருவில் இருக்கும் கடோத்கஜனாக சாவித்திரி நடிக்கும் காட்சிகளில் நடை, நிற்கும் முறை, மீசை முறுக்கும் பாவனை அனைத்தும் ரங்காராவினுடையவை. இன்னொருவர் எளிதில் எடுத்துக்கொள்ளும் அளவுக்கு ரங்காராவ் அந்த வேடத்தின் உடல்மொழியைத் தெளிவாக வகுத்திருந்தார் என்பதற்கு இதுவே சான்று.

பாரதக் கதை அறிந்தவர்களுக்கு இந்தச் சிரிப்புக்குப் பின் ஒரு துயரம் உண்டு. குருக்ஷேத்திரப் போரின் பதின்மூன்றாம் நாளில் அபிமன்யு மாண்டுபோகிறான். பதினான்காம் நாள் இரவில் கர்ணனின் சக்தி ஆயுதத்துக்குக் கடோத்கஜன் பலியாகிறான். அர்ச்சுனனுக்காக வைத்திருந்த ஆயுதம் இவன்மேல் செலவாகிறது. படம் அதைச் சொல்லாமல் திருமணத்தோடு முடிகிறது. திரௌபதி அம்மன் திருவிழாவில் அபிமன்னன் சண்டையைப் பார்த்து அழுத ஒருவர் திரையரங்கில் இந்தத் திருமணத்தைப் பார்க்கும்போது, மணமகனும் அவனுக்கு உதவியவனும் அடுத்தடுத்த நாட்களில் மடியப்போவதை அறிந்தே சிரிக்கிறார்.

அசுர வேந்தர்கள்

கமலாகர காமேஸ்வர ராவ் இயக்கிய 'நர்த்தனசாலா' (1963) தெலுங்குப் படத்தில் ரங்காராவ் கீசகனாக நடித்தார். விராட நாட்டின் தளபதியான கீசகன் வேலைக்காரியாக மறைந்து வாழும் திரௌபதியை விரும்பி, வீமனால் கொல்லப்படுகிறான். தன் வலிமையில் மயங்கிய ஒருவனின் ஆணவத்தையும் காமத்தையும் ரங்காராவ் அழகும் அச்சமும் கலந்து காட்டினார். இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசிய-ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் இவ்வேடத்துக்காக அவருக்குச் சிறந்த நடிகர் விருது வழங்கப்பட்டது.

'பாண்டவ வனவாசம்' (1965) படத்தில் துரியோதனனாக நடித்தார். ஏ.வி.எம். நிறுவனம் வண்ணத்தில் தயாரித்த 'பக்த பிரகலாதா' (1967) படத்தில் இரணியனாக நடித்தார். பிரகலாதனாகக் குழந்தை நட்சத்திரம் ரோஜாரமணியும், தாயாக அஞ்சலிதேவியும், நாரதராக இசைக்கலைஞர் எம். பாலமுரளிகிருஷ்ணாவும் நடித்த இப்படம் தமிழிலும் வெளியாயிற்று. இதில் இரணியன் மகனைத் தண்டிக்கும் ஒவ்வொரு முறையும் அவன் முகத்தில் தந்தையின் வேதனை தெரியும். மகன் பிழைத்து வந்ததைக் கண்டு ஒரு கணம் மகிழ்ந்து, மறுகணம் சினக்கும் மாற்றம் குறிப்பிடத்தக்கது. பாபு இயக்கிய 'சம்பூர்ண ராமாயணம்' தெலுங்குப் படத்தில் இராவணனாகவும் நடித்தார்.

தமிழ்க் குடும்பப் படங்களில்

1960களில் தமிழ்ப் படங்கள் ரங்காராவைக் குடும்பத் தலைவராகவே அதிகம் பயன்படுத்தின. ஏ. பீம்சிங் இயக்கிய 'படிக்காத மேதை' (1960) படத்தில், ஆதரவற்ற ரங்கனைத் தன் வீட்டில் வளர்த்து, பின்னர் செல்வத்தை இழந்து தவிக்கும் பெரியவராக நடித்தார். ரங்கனாக சிவாஜி கணேசன் நடித்தார். ரங்கன் பிரிந்தபின் அவனை நினைத்துப் பெரியவர் உருகும் பாடல் காட்சி அவரது தமிழ்ப் பட நடிப்பின் உச்சமாகக் கருதப்படுகிறது.

கிருஷ்ணன்-பஞ்சு இயக்கிய 'அன்னை' (1962), கே.எஸ். கோபாலகிருஷ்ணன் இயக்கிய 'கற்பகம்' (1963), ஏ.சி. திருலோகசந்தர் இயக்கிய 'நானும் ஒரு பெண்' (1963), 'கை கொடுத்த தெய்வம்' (1964) ஆகியவற்றில் பாசமும் கண்டிப்பும் கலந்த பெரியவர் வேடங்களில் நடித்தார். 'நம் நாடு' (1969) படத்தில் எம்.ஜி.ஆருக்கு எதிராக, நல்லவராக நடிக்கும் ஊர்ப் பெரிய மனிதராகத் தோன்றினார்.

அரக்க வேடங்களும் தந்தை வேடங்களும் தொடர்பற்றவை அல்ல. இரண்டிலும் ஒரு வீட்டையோ நாட்டையோ தன் சொல்லால் ஆளும் ஒருவர் இருக்கிறார். அவரது அதிகாரத்தை அவர் அன்பு செலுத்துபவர்களே சோதிக்கிறார்கள். இரணியனின் கோபத்தில் தந்தை தெரிவதும், குடும்பப் படத்துத் தந்தையின் மௌனத்தில் வேந்தனின் கம்பீரம் தெரிவதும் இதனால்தான்.

ஹாலிவுட் அரக்கர்களுடன் ஒப்பீடு

1931ஆம் ஆண்டு யுனிவர்சல் நிறுவனம் வெளியிட்ட 'டிராகுலா', 'ஃபிராங்கன்ஸ்டைன்' ஆகிய படங்கள் பேலா லுகோசியையும் போரிஸ் கார்லாஃபையும் உலகப் புகழ்பெறச் செய்தன. கார்லாஃபின் இயற்பெயர் வில்லியம் ஹென்றி பிராட். இங்கிலாந்தில் பிறந்த அவரது குடும்பத்துக்கு இந்திய வம்சாவளித் தொடர்பு உண்டு. அவரது தந்தை இந்தியாவில் உப்பு வரித் துறையில் பணியாற்றியவர். 'ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தில் ஒப்பனைக் கலைஞர் ஜாக் பியர்ஸ் பல மணி நேரம் செலவிட்டு உருவாக்கிய முகத்துடன், பேச்சே இல்லாத ஓர் உயிரின் தவிப்பைக் கார்லாஃப் வெளிப்படுத்தினார்.

கார்லாஃபின் உயிரி தனிமையானது. அதற்குத் தாய் இல்லை, பெயரும் இல்லை. படைத்தவனே அதைக் கைவிடுகிறான். ரங்காராவின் அரக்கர்களுக்குக் குலம் உண்டு, உறவு உண்டு, வரமும் வரலாறும் உண்டு. கடோத்கஜன் இடிம்பிக்கு மகன், வீமனுக்கு வாரிசு, அபிமன்யுவுக்கு அண்ணன். ஹாலிவுட்டின் அச்சம், அறியாத ஒன்று வீட்டுக்குள் நுழைவதில் இருக்கிறது. இங்கே அரக்கனே வீட்டுக்கு வேண்டிய உறவினன். எனினும் இரு நடிகர்களுக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. கனத்த ஒப்பனைக்குள் இருக்கும் மனிதனைப் பார்வையாளர்கள் மறக்காதபடி இருவரும் பார்த்துக்கொண்டார்கள்.

லுகோசி டிராகுலாவின் நிழலிலிருந்து வெளியேற முடியாமல் வாழ்நாள் முழுவதும் அதே வகை வேடங்களில் சிக்கிக்கொண்டார். ரங்காராவுக்கு அந்த நிலை ஏற்படவில்லை. தென்னிந்தியத் திரையுலகம் புராணப் படங்களையும் சமூகப் படங்களையும் ஒரே தளத்தில், ஒரே நடிகர்களைக் கொண்டு எடுத்தது இதற்கு ஒரு காரணம்.

இயக்குநர்

ரங்காராவ் தெலுங்கில் 'சதரங்கம்' (1967), 'பாந்தவ்யாலு' (1968) ஆகிய படங்களை இயக்கினார். இரண்டும் ஆந்திர அரசின் நந்தி விருது பெற்றன.

மறைவு, நினைவு

ரங்காராவ் ஜூலை 18, 1974 அன்று சென்னையில் மாரடைப்பால் காலமானார். அப்போது அவருக்கு வயது 56. கம்சனாக அவர் நடித்த 'யசோதா கிருஷ்ணா' அவரது மறைவுக்குப் பின் 1975ஆம் ஆண்டு வெளியாயிற்று. கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்ட தெலுங்கு 'மாயா பஜார்' வண்ணமாக்கப்பட்டு 2010ஆம் ஆண்டு திரையரங்குகளில் மீண்டும் வெளியாயிற்று. இந்தியத் திரைப்பட நூற்றாண்டையொட்டி 2013ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட தபால்தலைகளில் ரங்காராவின் உருவமும் இடம்பெற்றது.

மதிப்பீடு

தென்னிந்தியத் திரையில் அரக்க வேடம் ஏற்றவர்கள் பலர். அவர்களில் பலர் சிரிப்பாலும் குரலாலும் அச்சத்தை உருவாக்கினர். ரங்காராவ் அந்த வேடத்துக்கு ஒரு மனத்தை அளித்தார். அவரது அரக்கர்கள் யோசிக்கிறார்கள், ஏமாறுகிறார்கள், அன்பு செலுத்துகிறார்கள், பசிக்கு உண்கிறார்கள். அரக்கன் தோற்கவேண்டியவனா, போற்றவேண்டியவனா என்று மேடைகள் வாதிட்ட காலத்தில், அவனைக் குடும்பத்தில் ஒருவனாக ஆக்கியது கடோத்கஜன் வேடம்.

கூத்தின் பேருருவையும் நவீன நடிப்பின் நுட்பத்தையும் அவர் இணைத்தார். கிரீடம், புஜகட்டை, கதாயுதம் ஆகிய வெளி அடையாளங்களைக் கூத்து மரபிலிருந்து திரை எடுத்துக்கொண்டது. அந்த அணிகள் நடிகரை விழுங்கிவிடாமல் இருக்க, முகத்திலும் குரலிலும் அடக்கம் தேவை என்பதை ரங்காராவ் கண்டறிந்தார். அவருக்குப் பின் கடோத்கஜன் வேடம் ஏற்ற எவரும் அவரோடு ஒப்பிடப்படுவதைத் தவிர்க்க முடிவதில்லை.

நடித்த தமிழ்ப் படங்கள் (தேர்வு)

பாதாள பைரவி (1951)
கல்யாணம் பண்ணிப்பார் (1952)
மிஸ்ஸியம்மா (1955)
மாயா பஜார் (1957)
சபாஷ் மீனா (1958)
படிக்காத மேதை (1960)
அன்னை (1962)
கற்பகம் (1963)
நானும் ஒரு பெண் (1963)
கை கொடுத்த தெய்வம் (1964)
நம் நாடு (1969)